ஆமை எண்ணிய பட்டாம்பூச்சிகள்

காட்டோர வயலில் முயல்கள் தங்களுக்குள் ஒரு முடிவு செய்திருந்தன. நீலப் பட்டாம்பூச்சிகள் இருபதுக்குக் குறைந்துபோனால் அந்த வருடம் பூச்செடிகளில் வாய் வைக்கக் கூடாது. எண்ணும் பொறுப்பை ஆமையிடம் கொடுத்தன.

ஆமை விடிந்ததிலிருந்து வயல் நடுவே வெயிலில் கிடந்தது. நீலச் சிறகு கடக்கும்போதெல்லாம் மண்ணில் ஒரு கோடு கிழித்தது. மாலைக்குள் நாற்பது கோடுகள் சேர்ந்துவிட்டன.

அப்போது சிறகோரம் கிழிந்த ஒரு நீலப் பட்டாம்பூச்சி அதன் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, காலையிலேருந்து இங்கேயேதானே இருக்கீங்க? என்னை மாதிரி வேற யாராவது போனாங்களா? நாள் முழுக்க வயலைச் சுத்திச் சுத்தித் தேடுறேன். ஒருத்தரும் கண்ணுல படல."

ஆமை அந்தக் கிழிசலைப் பார்த்தது. காலையில் முதலில் கடந்த பூச்சிக்கும் அதே இடத்தில்தான் கிழிந்திருந்தது. அடுத்து வந்ததற்கும் அப்படித்தான்.

"எத்தனை அண்ணே?" என்று முயல் ஒன்று தூரத்திலிருந்தே கத்தியது.

ஒரு பகல் உழைப்பு முழுவதும் வீண் என்று சொல்ல ஆமைக்கு வாய் வரவில்லை.

"நாற்பது" என்றது.

முயல்கள் துள்ளிக்கொண்டு பூச்செடிகளுக்குள் இறங்கின.

"நாற்பது பேரா!" பட்டாம்பூச்சியின் சிறகுகள் படபடத்தன. "எந்தப் பக்கம் போனாங்க, அண்ணே?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.