வலது பக்கப் படம்

"மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றான் ராபர்ட்.

என் மகன் கிரீஷ் பிடித்தான். கதவுக்கு வெளியே நின்ற நானும் பிடித்தேன்.

அடையாறில் என் கிளினிக் சின்னது. சனிக்கிழமைகளில் கடலோரக் குப்பங்களில் மருத்துவ முகாம் நடத்துகிறேன். கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் எக்ஸ்ரே மிஷின் வேண்டும் என்பது உண்மை. இன்றைக்கே வேண்டும் என்று விற்பனைக்காரன் ராபர்ட்டை வரவழைத்ததுதான் பொய்.

கிரீஷுக்கு இரண்டு மாதமாக இருமல். அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

படம் எடுத்துப் பார்க்கலாம் என்றாலே எரிந்து விழுவான். மிஷினைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் மறுபேச்சில்லாமல் சட்டையைக் கழற்றிவிட்டான். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், பெற்ற பிள்ளையிடம் தந்திரம் செய்ய வேண்டியிருந்தது.

ராபர்ட் இரண்டு கம்பெனி மிஷின் கொண்டுவந்திருந்தான். ஒரே ஆளை இரண்டு தடவை எடுக்க வேண்டாமென்று, முதல் மிஷினுக்குத் தானே நின்றான். அவன் சொன்னபடி நான் பொத்தானை அழுத்தினேன். இரண்டாவதற்குத்தான் கிரீஷ்.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருமே ஒல்லி.

படங்கள் லேப்டாப்பில் அருகருகே வந்தன. பெயர் எதுவும் இல்லை.

"எது எந்த மிஷின்னு இப்ப சொல்ல மாட்டேன் மேடம். கம்பெனி பேரைப் பாத்துதான் எல்லாரும் ஏமாந்துடறாங்க. படத்த மட்டும் பாத்து சொல்லுங்க."

இடது பக்கப் படம் சுத்தமாக இருந்தது.

வலது பக்கத்தில், நெஞ்சின் நடுவே, இதயத்துக்குச் சற்று மேலே ஒரு நிழல். அதை நான் ஏற்கெனவே ஒருமுறை என் கணவரின் படத்தில் பார்த்திருக்கிறேன்.



யாருடையது என்று கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் கிரீஷ் நன்றாக இருக்கிறான்.

தாயே கற்பகாம்பா, அந்தப் பையனுடையதாக இருக்கட்டும்.

அப்படித்தான் வேண்டினேன். இதே வார்த்தைகளில்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கிரீஷ் இருமினான்.

"எது நல்லாக்கீது மேடம்?" ஆவலில் ராபர்ட்டுக்கு வீட்டுப் பேச்சே வந்துவிட்டது.

வலது பக்கத்தைக் காட்டினேன். நிழலின் ஓரம்கூட அதில் அத்தனை துல்லியம்.

அவன் முகம் மலர்ந்தது. "அது என் படம் மேடம்!"

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. கிரீஷை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"ஒரு மிஷினுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று அவன் சிரித்தான். ராபர்ட்டும் சேர்ந்து சிரித்தான்.

அப்புறம்தான் ராபர்ட்டைச் சரியாகப் பார்த்தேன். சட்டை அவன் தோளில் தொளதொளவென்று கிடந்தது. நல்ல சட்டை. வாங்கும்போது அளவாக இருந்திருக்கும்.

"ராபர்ட்..." என்றேன்.

"ஒரே நிமிஷம் மேடம், வந்துடறேன்." போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

அவன் குரல் உள்ளே நன்றாகக் கேட்டது.

"யம்மா, மீன அப்பால நறுக்கு, இத்த கேளு. ஆர்டர் ஓகே ஆயிடுச்சு! மேடத்துக்கு என் படம்தான் ரொம்ப புடிச்சிப்போச்சு."