ஊருக்குத் திரும்பும் பெண்

"இன்னொரு தடவை யோசி கண்ணு. யுனிவர்சிட்டியில சர்வதேச வளர்ச்சித் துறையில படிச்சது, மறுபடி அந்தக் கிராமத்துக்கே போறதுக்கா?" புனேயின் பாணேர் பகுதியில் இருந்த தன் ஃபிளாட்டில், திறந்து கிடந்த பெட்டியை மறித்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள் சந்திரிகா.

"எங்க ஊர்ல பொண்ணுங்க தண்ணிக்கு ரொம்ப தூரம் நடக்குறாங்கம்மா. ஸ்கூல் போக முடியல."

"டெல்லியில பெரிய வேலை தர்றாங்களே! அங்கிருந்தே உதவலாமில்ல?"

"டெல்லிக்கு நிறையப் பேர் கிடைப்பாங்க. ஊர்ல குழாய் போட எல்லாரும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க. திட்டம் போட நான் வேணும்."

சந்திரிகாவுக்குக் கண் கலங்கியது. தக்காளித் தொக்கு பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே வைத்துப் பெட்டியைத் தானே மூடினாள்.

அப்போது வீடியோ கால் வந்தது. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து, அந்தப் பெண்ணைப் பெற்ற தாய் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள்.

"ரெண்டு வருஷம் என்னை உங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்றாங்கம்மா" என்றாள், புனேவுக்குப் படிக்க வந்த இடத்தில் தமிழும் கற்றுக்கொண்டுவிட்ட டெம்வா.

சந்திரிகா திரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நன்றியெல்லாம் எதுக்குங்க? என் பொண்ணை அனுப்புறேன். பத்திரமாப் பாத்துக்குங்க."

டெம்வாவால் அதை உடனே மொழிபெயர்க்க முடியவில்லை.