எறும்பு ஏறாத வரப்பு

மேற்கே வானம் கறுத்துவிட்டது. பூங்காவனம் வயல் கம்பத்தில் இருந்த, சாகுபடி வேலைகளை முடிவு செய்யும் பேசும் கருவியிடம் கத்தினாள்.

"அறுப்பு மெஷினை இப்பவே அனுப்பு. மழை வரப் போவுது!"

"வரப்பில் எறும்புகள் முட்டையோடு மேலே ஏறவில்லை. எனவே இன்று மழை இல்லை. அறுவடை நாளை மறுநாள்."

போன வருஷம் அதற்கு அந்த அடையாளத்தைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

"ஏறுறதுக்கு எறும்பு எங்கடா இருக்கு? போன மாசம் நீ அனுப்புன ட்ரோன் மருந்தடிச்சு ஒண்ணுவிடாம செத்துப்போச்சே!"

"ஆமாம். அதனால்தான் வரப்பு சுத்தமாக இருக்கிறது."

அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. முற்றிய நெல் மொத்தமும் சாய்ந்து தண்ணீரில் மிதந்தது. அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கருவி பணிவாகப் பேசியது.

"பாரம்பரிய அறிவில் புதிய குறிப்பு சேர்க்கப்பட்டது: எறும்பு ஏறாவிட்டாலும் மழை வரும். சொன்னவர், பூங்காவனம். நன்றி அம்மா."