ரைஃபிளுக்குக் குரோம்

எஸ்டேட் முதலாளி ராஜரத்தினம் முலாம் பட்டறை மேஜையில் ரைஃபிளை வைத்தார். "கேஸ் முடிஞ்சு நேத்துதான் கைக்கு வந்துச்சும்மா. கண்ணாடி மாதிரி குரோம் போட்டுக் குடு. ஹால்ல மாட்டணும். அப்பப்ப காட்டுப்பன்னி சுடவும் ஆகணும்."

பட்டறை நடத்தும் செல்லக்கிளிக்கு அந்த முகம் தெரியும். வழக்கு முழுக்க நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சிலிருந்து அவரைப் பார்த்தவள். அவர்தான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

"அந்தக் கேஸ்ல யாருங்க செத்தது?" என்றாள்.

"எவனோ கூலிக்காரன். தேயிலைக்குள்ள குனிஞ்சிருந்தான், பன்னின்னு நெனச்சிட்டேன். பேருகூட மறந்துபோச்சு, பாரேன்." சிரித்தார்.

"சடையன். எங்கண்ணன்."

சிரிப்பு நின்றது. "அதான் கோர்ட்டே விட்ருச்சேம்மா" என்று ரைஃபிளை எடுக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள். குழலை மேஜையோர வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கி, துப்பாக்கியின் பின்கட்டையைப் பிடித்து முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கினாள். பட்டறையில் மற்ற வேலைகள் நின்றுபோயின. குழல் மெல்ல வளைந்தது.

"குரோம் நல்லாவே போட்டுத் தரேன் சார், ஹால்ல மாட்டுங்க" என்றாள் மூச்சு வாங்க. "வர்றவங்க ஏன் வளைஞ்சிருக்குன்னு கேப்பாங்க. அவன் பேரச் சொல்லுங்க."