உப்பள வணிகர் சங்கம்

அந்த ஆண்டும் அரசுக்குப் பட்ஜெட் எழுதும் கணினி இயந்திரம் வணிகர் சங்கங்களின் கோரிக்கைகளை மட்டுமே கேட்டது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் அருள்கனி, உப்புத் தண்ணீரில் புண்ணாகும் கால்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று நான்கு முறை மனுப் போட்டுப் பார்த்துவிட்டாள். ஐந்தாம் முறை, நாற்பது பெண்களைக் கூட்டிக்கொண்டு வணிகர் சங்கம் பதியவே போய்விட்டாள்.

“நீங்க கூலிக்காரங்கல்லா? என்ன வியாபாரம் பண்ணுதீய?” என்றார் பதிவாளர்.

“உழைப்ப விக்கோம் சார். விக்கிறவ வியாபாரி இல்லையா?”

அவர் சிரிக்கவில்லை. “வியாபாரின்னு பதிஞ்சா, தொழிலாளிக்குத் தர்ற மழைக்கால உதவி நின்னுரும். யோசிச்சுக்கிடுங்க.”

அருள்கனி திரும்பிப் பார்த்தாள். சீழ் வைத்த காலோடு சுவரைப் பிடித்து நின்ற மரியபுஷ்பம், “போடுட்டி கையெழுத்த!” என்றாள். நாற்பது பேரும் போட்டார்கள்.

மார்ச்சில் வாசித்த பட்ஜெட்டில், உப்பள வணிகர்களின் கோரிக்கையை ஏற்று ஆஸ்பத்திரி அறிவிக்கப்பட்டிருந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது, உப்பளம் மூடியது, உதவி வரவில்லை. இறால் உரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அருள்கனி, புது ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட காலோடு மரியபுஷ்பம் இறங்கி வருவதைக் கண்டு நின்றாள்.

“வலிக்கா, அக்கா?”

“வலிக்கத்தான் செய்யுது. ஆனா, கால எடுக்க வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருட்டி.”