மேசைமேல் ஒரு கலயம்

சிவப்புத் துணியால் வாய் கட்டிய சிறிய மண் கலயத்தைச் செண்பகவடிவு எலும்பு டாக்டரின் மேசைமேல் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பூரித்துக்கொண்டிருந்தார்.

“இடுப்பெலும்பு இரும்பு மாதிரி ஆயிடுச்சும்மா. எலும்பு உறுதிக்குப் போட்ட ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு.”

“தாடையிலயும் செஞ்சிருக்கு,” என்றாள். வீங்கிய கன்னத்துக்குள் சொற்கள் இடறின. “பல்லு பிடுங்கின புண்ணு ஆறவே இல்ல. நேத்து வாய் கொப்பளிக்கும்போது தாடையெலும்பு துண்டா கையில வந்து விழுந்துச்சு. இந்த ஊசி போட்டவங்களுக்குப் பல்லு பிடுங்கினா தாடையெலும்பு செத்துப்போகலாமாம். ஊசி போடுறதை முதல்லயே ஏன் சொல்லலைன்னு பல் டாக்டர் என்னைத் திட்டுறாரு. சொல்லணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

“அது அபூர்வமா யாருக்காவதுதான் வரும்மா. எல்லார்கிட்டயும் சொன்னா பயந்துபோய் ஊசியே போட்டுக்க மாட்டாங்க.”

“அந்த யாரோ நான்தான். செத்தவங்களுக்குத்தான் எலும்பைப் பொறுக்கிக் கலயத்துல கட்டுவாங்க. எனக்கு உயிரோட இருக்கும்போதே கட்டியாச்சு. இதை எந்த ஆத்துல கரைக்கட்டும்? அதையாவது சொல்லுங்க.”

டாக்டர் மணியை அடித்தார். அடுத்துக் காத்திருந்த பெரியவர் அதே ஊசி மருந்தோடு உள்ளே வந்தார். கலயத்தைக் கண்டதும் மருந்துப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினார்.

“யாரும்மா தவறினது?”

அவள் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தாள். கலயத்தை எடுக்கவில்லை.

“டாக்டர்கிட்டயே கேளுங்க. உங்ககிட்டயாவது சொல்லட்டும்.”