திங்கட்கிழமைப் பதிப்பு

ரிஃபத் பைக்குள்ளிருந்து ஒரு குழந்தைப் பனியனை எடுத்து மேசைமேல் விரித்தார்.

பார்த்ததுமே நந்திதாவுக்குத் தெரிந்துவிட்டது. தோள் சரியாக இருந்தது, கழுத்து சரியாக இருந்தது. நீளம் போதவில்லை. போட்டால் தொப்புளுக்கு மேலேயே நின்றுவிடும்.

"ஒரு தண்ணில நனைச்சதுக்கே இப்படி ஆயிருச்சுங்க மேடம். தச்ச லாட்டு முழுக்க இப்படித்தானுங்க."

சூலூரில் ஒரு மாடியில் இருந்த அந்தக் கம்பெனி, பனியன் வெட்டும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற மென்பொருள் தயாரித்தது. திருப்பூரில் நிறைய இடங்களில் அதுதான் ஓடியது. நந்திதா அதன் தலைமைப் பொறியாளர். ஒன்று விட்டு ஒரு திங்கட்கிழமை புதுப் பதிப்பு வெளியாகிவிட வேண்டும் என்பது அவள் கொண்டுவந்த வழக்கம். போட்டிக்காரன் மூச்சு விடுவதற்குள் நம்ம நந்திதா ரெண்டு பதிப்பு விட்டுரும் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

ரிஃபத் அந்தக் கம்பெனி ஆள் இல்லை. திருப்பூரில் தனியாளாக உட்கார்ந்து, அந்த மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதி விற்றுவந்தார். எந்தத் துணி துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று பார்த்து, வெட்டும் அளவை அதற்குத் தக்கபடி கூட்டிக் கொடுப்பது அதன் வேலை.

சென்ற திங்கட்கிழமைப் பதிப்போடு அது கூட்டுவதை நிறுத்திவிட்டது. பிழை என்று திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வழக்கம்போல வெட்டிவிட்டார்.

ரிஃபத் வருகிறார் என்று போன் வந்ததிலிருந்து நந்திதா வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்க தப்புதானுங்க. எங்க தப்புதானுங்க. அவர் சத்தம் போடுவார். போடட்டும், தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வோம் என்றிருந்தாள்.

ரிஃபத் சத்தம் போடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோணுங்க மேடம். நான் எழுதுனதுல எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டனுங்க. தேடித் தேடிப் பாத்துட்டேன், புடிபடலைங்க. பனியன் கம்பெனிக்காரரு உங்க சாப்ட்வேரையும் சேத்து வையறாருங்க. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

நந்திதா வாயைத் திறந்தாள்.

முதலாளி அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"பரவால்லைங்க" என்றாள்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ரிஃபத்தின் முகம் இளகியது. அவர் நாலு வார்த்தை வைதிருந்தால்கூட அவளுக்கு அப்படிச் சுட்டிருக்காது.

"உங்க வெப்சைட்டுல இருந்து என்னோடதை எடுத்துப்போடுங்க மேடம். இன்னொருத்தர் லாட்டு கெட்டுப்போகக் கூடாதுங்க. வாங்குனவங்களுக்கெல்லாம் நானே போன் பண்ணிச் சொல்லிட்டேனுங்க, தப்பு என்னோடதுன்னு."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மேலே அவர் பெயர் இருந்தது. நீக்கினாள்.

பனியனை மடித்து அவரிடம் நீட்டினாள். ரிஃபத் வாங்கிக்கொள்ளவில்லை.

"இங்கியே இருக்கட்டுங்க. உங்களுக்கு எதாச்சும் புடிபட்டுதுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க மனசு யாருக்கு வருமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த மேசையில் மெர்சி. புதுப் பதிப்புகளைச் சோதித்துப் பார்க்கிற பெண். இவ்வளவு நேரமும் அவள் கீபோர்டில் கை வைக்கவில்லை.

"நீங்களே சொல்லிருவீங்கன்னு இருந்தேனுங்க்கா" என்றாள்.

நந்திதா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிப்பு வெளியாவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே மெர்சி இதைக் காட்டியிருந்தாள். இதே எக்ஸ்டென்ஷன், இதே குழந்தைப் பனியன் அளவு. வெளியார் எழுதும் எக்ஸ்டென்ஷன்கள் உள்ளே வந்துபோக விட்டிருந்த பழைய வழியை நந்திதா அடைத்துவிட்டதால் வந்த வினை என்பதையும் கண்டுபிடித்திருந்தாள். ஒரு வாரம் தள்ளிப் போடலாங்க்கா, அவருக்கு ஒரு போனாவது பண்ணிச் சொல்லிரலாம் என்று கேட்டாள்.

திங்கக்கிழமை போயே ஆகணும், வெளி ஆளுங்கள அவங்கவங்கதான் பாத்துக்கோணும் என்றவள் நந்திதா.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே, எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில், பல்லடம் வழியாகத் திருப்பூர் போகும் பஸ்ஸுக்கு ரிஃபத் நின்றுகொண்டிருந்தார். படியிறங்கி ரோட்டைத் தாண்டினால் போதும்.

பஸ் வர வெகுநேரம் ஆயிற்று.

அது வரும்வரை நந்திதா ஜன்னலிலேயே நின்றாள்.